வேப்பமரத்தடியில் மட்டும் ஏன் கிடைக்கிறது?

காலை இறைவணக்கம் முடிந்து கால் மணி நேரத்தில் எங்கள் பள்ளி முற்றத்தில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். இரண்டாம் வகுப்பு ஆசிரியை கைபேசியை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுக் கட்டடத்திலிருந்து வெளியே வருவார். முற்றத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் போய் நிற்பார். வட்டம் சுற்றும், சுற்றும், பிறகு வருகைப்பதிவு ஏறும். அதற்குள் வகுப்பில் 28 குழந்தைகளும் 28 திசையில் இருப்பார்கள்.

நான் வசிப்பது அடி அண்ணாமலையில். பணிபுரிவது கிரிவலப்பாதையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு நடுநிலைப் பள்ளியில்; ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். பள்ளிக்கு இணைய இணைப்பு உண்டு, ரவுட்டரும் உண்டு. வருகைப்பதிவு, 'எண்ணும் எழுத்தும்' மதிப்பீடு, திறன்மிகு வகுப்பறைத் திரை எல்லாம் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான். ஆனால் மாதாந்திரப் பட்டியலில் இரண்டாம் வகுப்பு மட்டும் பெரும்பாலான நாட்களில் 'தாமதம்' என்றே இருக்கும். இரண்டு முறை அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது. "எல்லாருக்கும் கிடைக்கிற நெட் அவங்களுக்கு மட்டும் கிடைக்கலையா?" என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அதை முதலில் சொன்னது நான்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஒரு கைபேசி, ஒரு வரைபடத்தாள், நான்கு வண்ணப் பென்சில்கள். வேறு கருவி எதுவும் இல்லை. உங்கள் பள்ளியிலும் செய்யலாம் என்பதால் செய்முறையையும் நாங்கள் சறுக்கிய இடங்களையும் விரிவாகவே எழுதுகிறேன்.

கைபேசியின் மூலையில் தெரியும் விசிறி போன்ற குறியை நம்பி எதையும் அளக்க முடியாது. அது மூன்று கோடு, நான்கு கோடு என்று தோராயமாகச் சொல்கிறதே தவிர எண் தருவதில்லை. எத்தனை கோடு எந்த அளவுக்கு என்பதும் கைபேசிக்குக் கைபேசி மாறும். எண் வேண்டுமானால் ஒரு செயலி வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு 'வைஃபை அனலைசர்' என்ற பெயரில் சில செயலிகள் உள்ளன. திறந்த மூலச் செயலியாக, விளம்பரம் இல்லாமல் கிடைப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. திறந்தவுடன் இருப்பிட அனுமதி கேட்கும். பயப்பட வேண்டாம். சுற்றியுள்ள வைஃபை பெயர்களை வைத்தே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட முடியும் என்பதால்தான் ஆண்ட்ராய்டு அந்த அனுமதியை வாங்கச் சொல்கிறது. ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இது சற்றுச் சிரமம். சாதாரணச் செயலிகளுக்கு அது இந்த எண்ணைத் தருவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் 'ஏர்போர்ட் யுடிலிட்டி' செயலியை நிறுவி, அமைப்புகளில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

செயலியைத் திறந்ததும் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி, எண்கள் எல்லாம் கழித்தல் குறியோடு இருந்தன. தலைமை ஆசிரியர் அறையில் –45, வராந்தாவில் –62, ஓட்டுக் கட்டடத்தில் –84. "எது டீச்சர் நல்லது?" என்றான் ஒருவன். 84 பெரிய எண் ஆயிற்றே! ஆறாம் வகுப்பில் முழுக்கள் நடத்தும்போது எண்கோட்டில் –45 வலப்பக்கம், –84 இடப்பக்கம், ஆகவே –45 பெரியது என்று சொல்லித் தருகிறோம். பிள்ளைகளும் தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அன்று பாதிப் பேர் –84ஐத்தான் நல்லது என்றார்கள். நான் எண்கோடு வரையச் சுண்ணக்கட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு மாணவி கேட்டாள்: "கெணத்துல தண்ணி 45 அடியில கெடைச்சா நல்லதா, 84 அடியில கெடைச்சா நல்லதாடா?" எங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காத குழந்தை கிடையாது. அதற்குப் பிறகு எண்கோடு தேவைப்படவில்லை.

இந்த எண்ணின் அலகு டிபிஎம். ஒரு மில்லிவாட் திறனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் டெசிபல் அளவு. சரியாக ஒரு மில்லிவாட் வந்தால் 0 டிபிஎம். அதற்குமேல் என்றால் கூட்டல், கீழே என்றால் கழித்தல். கைபேசிக்கு வந்துசேரும் அலை ஒரு மில்லிவாட்டில் மிகச் சிறு பங்குதான் என்பதால் கழித்தல் எண்ணாகவே இருக்கும். ஒவ்வொரு 10 டெசிபல் இறக்கத்துக்கும் திறன் பத்தில் ஒரு பங்காகும். 3 டெசிபல் இறங்கினால் ஏறக்குறையப் பாதி. –40 என்பது ஒரு மில்லிவாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. –70 என்பது ஒரு கோடியில் ஒரு பங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 30தானே என்று பார்த்தால் ஏமாந்துபோவோம், உண்மையில் ஆயிரம் மடங்கு. மடக்கை மேல்நிலை வகுப்பில்தான் வருகிறது என்றாலும், 10இன் அடுக்குகள் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எட்டாத கனி இல்லை. ஒரு கோடியில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு அந்தச் சிறு கருவி காணொளி காட்டுகிறது என்பதை யோசித்துப் பார்த்தால் எனக்கே வியப்பாகத்தான் இருக்கிறது.

நடைமுறையில் –30 என்றால் ரவுட்டரின் பக்கத்திலேயே நிற்கிறோம். –67 வரை காணொளி தடையில்லாமல் ஓடும். –70க்கும் –80க்கும் நடுவே தவணை முறையில் கிடைக்கும். –80ஐத் தாண்டினால் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும், வேலை நடக்காது. நாங்கள் –60 வரை பச்சை, –70 வரை மஞ்சள், –80 வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து, பள்ளியின் வரைபடம். எங்களுக்கு இரண்டு கட்டடங்கள். வடக்கே புதிய கான்கிரீட் கட்டடம். கிழக்குக் கோடியில் தலைமை ஆசிரியர் அறை, அதையடுத்து மேற்கு நோக்கி எட்டு, ஏழு, ஆறாம் வகுப்புகள். முற்றத்துக்குத் தெற்கே பழைய ஓட்டுக் கட்டடம். சுண்ணாம்புக் காரை பூசிய கல்சுவர், ஒன்றரை அடிக்கு மேல் தடிமன். அதில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகள். இரண்டும் மூன்றும் மேற்குக் கோடியில். பிள்ளைகள் அளவு நாடாவால் அளந்து, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் வரைபடத்தாள்களை ஒட்டி வரைந்தார்கள். ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலை, நடு என்று ஐந்து புள்ளிகள். வராந்தாவில் ஆறு, முற்றத்தில் ஒன்பது. ஆக 60 புள்ளிகள். கட்டடத்தின் தென்மேற்கு மூலையை ஆதிப்புள்ளியாகக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆயத்தொலைவு குறித்தோம். ஒன்பதாம் வகுப்பில் வரும் பாடத்துக்கு இது ஒரு முன்னோட்டம்.

முதல் சறுக்கல் இங்கேதான். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவுக்கு என் கைபேசி, இன்னொரு குழுவுக்குச் சக ஆசிரியரின் கைபேசி கொடுத்தேன். ஒரே மதிய இடைவேளையில் அளந்து முடித்துவிட்டார்கள். வண்ணம் தீட்டிப் பார்த்தால் வராந்தாவின் நடுவே ஒரு விசித்திரம். ஒரு புள்ளியில் –58, அடுத்த அடியிலேயே –66. அங்கே சுவர் இல்லை, தூண்கூட இல்லை. பூமிக்கு அடியில் ஏதோ இரும்புக் குழாய் போகிறது என்றார்கள். முன்பு அங்கே கிணறு இருந்ததாம், அதுதான் இழுக்கிறது என்றும் ஒரு கருத்து வந்தது. அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு ஒருவன் இரண்டு கைபேசிகளையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று –50 காட்டியது, மற்றொன்று –58. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவர் என் குழுப் பிரிவில்தான் இருந்தது. கைபேசிகளின் உள் ஆன்டெனா ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அளவுகோலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். ஆகவே முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை ஒரே கைபேசி, அதே உறை, அதே உயரம். 60 புள்ளிகளையும் மறுபடி அளந்தோம். அந்தத் தவறான வரைபடத்தை நான் கிழிக்கவில்லை, வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

மறு அளவீட்டில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டோம். ஒவ்வொரு புள்ளியிலும் மார்பு உயரத்தில் கைபேசியைப் பிடித்து, நான்கு திசைகளையும் நோக்கித் திரும்பி, நான்கு அளவுகள் எடுத்துச் சராசரி கண்டோம். காரணம், பிடித்திருப்பவரின் உடம்பே ஒரு தடை. நம் உடம்பின் பெரும்பகுதி நீர். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாகவே உறிஞ்சும். நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில்தான் உணவைச் சூடாக்குகிறது, ஆனால் பல நூறு வாட் திறனோடு. ரவுட்டரிலிருந்து வெளிவருவது பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். "அப்ப வைஃபை பக்கத்துல உக்காந்தா வெந்துடுவோமா?" என்ற கேள்வி நிச்சயம் வரும், இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு திசை என்பது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் என்ற இருவர் 'ரேடார்' என்ற பெயரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓர் அலுவலக மாடியில் 70 இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசையிலும் நின்று, கம்பியில்லா வலையின் சிக்னல் வலிமையை அளந்து பதிந்துவைத்தார்கள். பிறகு ஒருவரிடம் இருக்கும் கருவியின் அளவைப் பார்த்து அவர் கட்டடத்துக்குள் எங்கே இருக்கிறார் என்று கணித்தார்கள். செயற்கைக்கோள் சிக்னல் எட்டாத கட்டடங்களுக்குள் கைபேசி இன்று நம் இடத்தைச் சொல்வதற்குப் பின்னால் இந்த வழிமுறை இருக்கிறது. 70 புள்ளி அவர்களுக்கு, 60 புள்ளி நமக்கு என்று சொன்னபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு 9 முதல், ஒரு செயலி இரண்டு நிமிடத்தில் நான்கு முறைதான் சுற்றுவட்டாரத்தைத் தேட முடியும். அடுத்த பதிப்பு முதல், உருவாக்குநர் அமைப்புகளில் போய் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ள வழி இருக்கிறது. நான் நீக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் நான்கு அளவு, நான்கு திசை. கணக்கு தானாகவே பொருந்திவிட்டது. ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடம் என்றால் 60 புள்ளிக்கு இரண்டு மணி நேரம். மூன்று நாள் மதிய இடைவேளையில் முடித்தோம். எண் மாறுவதற்குள் அடுத்த புள்ளிக்கு ஓடிவிடும் பிள்ளைகளை நிறுத்திவைப்பதுதான் பெரும்பாடு.

அறைகள் காலியாக இருந்தபோதும், பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோதும் ஏழாம் வகுப்பில் அளந்து பார்த்தோம். நிரம்பிய வகுப்பில் பின்மூலையில் 4, 5 டெசிபல் குறைந்தது. எனவே நமக்குத் தேவையான வரைபடம் வேலை நேரத்து வரைபடம்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்துவிட்டு எல்லா இடமும் பச்சை என்று அறிக்கை கொடுப்பதில் பயனில்லை.

வரைபடம் முடிந்ததும் சம அளவுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைக்கச் சொன்னேன். –50 கோடு, –60 கோடு, –70 கோடு, –80 கோடு. சமூக அறிவியலில் மலையின் சம உயரக் கோடுகளைப் பார்த்திருப்பார்கள் அல்லவா? அதே போலத்தான். ரவுட்டர்தான் உச்சி. தடை எதுவும் இல்லாவிட்டால் கோடுகள் வட்டமாக, வெளியே போகப்போக இடைவெளி கூடிக்கொண்டே விரிய வேண்டும். எங்களுக்கு வந்ததோ ஒருபக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும் மலை. கிழக்கே, தென்கிழக்கே கோடுகள் நிதானமாக விரிந்தன. மேற்கில் நான்கு மீட்டருக்குள் மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி நின்றன. பக்கத்து அறையான எட்டாம் வகுப்பில் –66. இருபது மீட்டர் தள்ளியிருக்கும் வேப்பமரத்தடியில் –58.

தலைமை ஆசிரியர் அறைக்குள் போய்ப் பார்த்தோம். மேற்குச் சுவரை ஒட்டி இரண்டு இரும்பு பீரோக்கள். திருட்டுப் போகக்கூடாது, பிள்ளைகள் கை வைக்கக்கூடாது என்று இரண்டுக்கும் இடையே உள்ள சந்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் ரவுட்டரைப் பத்திரமாக வைத்திருந்தோம். வடக்கே இரும்பு, தெற்கே இரும்பு, மேற்கே சுவர். திறப்பு கிழக்கே மட்டும். அங்கே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சற்றுத் தெற்கே வேப்பமரம். இரும்பின் மீது படும் அலை ஊடுருவாது, திரும்பிவிடும். இத்தனை நாளும் நாங்கள் வேப்பமரத்துக்குத்தான் இணையம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இங்கே ஒரு கணக்கு போட்டோம். தடையில்லாத வெளியில் தொலைவு இருமடங்கானால் அலையின் திறன் நான்கில் ஒரு பங்காகும், அதாவது 6 டெசிபல் இறங்கும். ஒரு மீட்டரில் –30 என்று வைத்துக்கொண்டால் 2 மீட்டரில் –36, 4இல் –42, 8இல் –48, 16இல் –54, 32இல் –60. இரண்டாம் வகுப்பு ரவுட்டரிலிருந்து 28 மீட்டர். தொலைவு மட்டுமே காரணம் என்றால் –59 கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது –84. மீதி 25 டெசிபலைப் பீரோவும், கான்கிரீட் கட்டடத்துச் சுவரும், ஓட்டுக் கட்டடத்தின் கல்சுவரும் பங்குபோட்டுக்கொண்டன. முன்னூறு பங்கில் ஒரு பங்குதான் அந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. கைபேசியின் சொந்த இணையமும் அந்தச் சுவருக்குள் அதைவிட மோசம். "எல்லாருக்கும் கிடைக்கிற நெட்" என்று நான் சொன்னது எவ்வளவு தவறு என்று தெரிந்துகொள்ள ஓர் எட்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு போதுமானதாக இருந்தது.

வரைபடத்தைத் தலைமை ஆசிரியரின் மேசையில் விரித்தோம். பிள்ளைகளே விளக்கினார்கள். அவர் சிவப்புப் பகுதியை விரலால் ஒருமுறை சுற்றினார். "இந்த ரெண்டு விளக்கக் கடிதமும் இனி ஃபைல்ல இருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் வகுப்பு ஆசிரியையிடம் நான் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நானே என் ஃபோன்தான் சரியில்லன்னு நினைச்சுப் புது ஃபோன் வாங்கிட்டேன் டீச்சர், இன்னும் தவணை கட்டுறேன்" என்றார். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

தீர்வு என்ன? இரண்டாவது இணைப்பு வாங்கலாமா, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. வரைபடம் அதற்கு அவசியமில்லை என்று காட்டியது. ரவுட்டரை நடுவில் வைத்தால் போதும். வராந்தாவில் மாட்டலாம் என்றார் ஒருவர். எங்கள் ஊர்க் குரங்குகளைத் தெரிந்த யாரும் அப்படி யோசிக்க மாட்டார்கள். கடைசியில் ஏழாம் வகுப்பின் உள்ளே, முற்றத்தைப் பார்த்த காற்றுத்துளைக்குப் பக்கத்தில், எட்டடி உயரத்தில் ஒரு மரப்பலகை அடித்து வைத்தோம். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து அங்கு வரை கேபிள் இழுக்க, கிளிப், பலகை எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மின் இணைப்பு வேலையை எலெக்ட்ரீஷியன் செய்தார். பிள்ளைகளை ஏணியில் ஏற்ற வேண்டாம்.

மறுபடி 60 புள்ளிகள். இரண்டாம் வகுப்பில் –84 என்பது –69 ஆனது. எட்டாம் வகுப்பு –66இலிருந்து –52. திறன்மிகு வகுப்பறை இருக்கும் ஆறாம் வகுப்பு முழுவதும் பச்சை. தலைமை ஆசிரியர் அறை –45இலிருந்து –58க்கு இறங்கியது. அவருக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. ரிப்பீட்டர் வாங்கும் பள்ளிகளுக்கு ஒரு சொல்: அதைச் சிக்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அதற்கே சிக்னல் கிடைக்காவிட்டால் எதை மறுபடி அனுப்பும்? –65 போலக் கிடைக்கும் இடத்தில், இருட்டுப் பகுதிக்கு முந்தைய படியில் வைக்க வேண்டும்.

ஆனால் சிக்னல் வலிமை மட்டுமே இணைய வேகம் இல்லை. இதைப் புரியவைக்க எங்களுக்குப் பௌர்ணமி உதவியது. சாதாரண நாளில் அடி அண்ணாமலையில் என் வீட்டு வாசலில் கைபேசி நன்றாகவே வேலை செய்யும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப்பாதையும் மனிதத் தலைகளாக இருக்கும்போது, அதே வாசலில், கோடுகள் அத்தனையும் நிறைந்திருக்க, ஒரு படம்கூடப் போகாது. சிக்னல் குறையவில்லை, பங்கு கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பள்ளியிலும் அப்படித்தான். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வருகைப்பதிவு ஏற்ற, திரையும் ஏதோ புதுப்பித்துக்கொண்டிருந்தால், –50 இருந்தும் வட்டம் சுற்றும். அதற்கு வேகத்தைத்தான் தனியாக அளக்க வேண்டும். ஒரே அறையில் காலை 9.30க்கும் பிற்பகல் 2.30க்கும் வேகச் சோதனை செய்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

அண்டை வீட்டாரும் ஒரு காரணம். செயலியில் 'சேனல்' என்ற பக்கத்தைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபைகள் கூம்பு கூம்பாகத் தெரியும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை யாரும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005இல் அனுமதி வந்தது; அதனால்தான் வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ள முடிகிறது, அதனால்தான் நெரிசலும். அந்தப் பட்டையில் 13 சேனல்கள் இருந்தாலும் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். எங்கள் பள்ளியும், அருகிலுள்ள சில வீடுகளும், ஒரு தங்கும் விடுதியும் எல்லாம் 6இல் இருந்தோம். இணைப்புத் தந்தவர்களின் பணியாளர் வந்தபோது கேட்டு 11க்கு மாற்றிக்கொண்டோம். 5 கிகாஹெர்ட்ஸ் வசதி உள்ள ரவுட்டரில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைக் கடப்பதில் அது 2.4ஐவிடச் சோனி. எங்கள் கல்சுவருக்கு அது சரிவராது. பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதவோ, கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். எங்கள் தாளில் அவை அ, ஆ, இ என்றுதான் இருக்கின்றன. அளவீட்டுக்கு ஆசிரியரின் கைபேசி ஒன்றே போதும்.

"எங்க பள்ளியில் வைஃபையே இல்லையே" என்பவர்களும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இரண்டு கைபேசிகளை வைத்து ஒரே பாடவேளையில் செய்ய ஒரு சோதனை உண்டு. ஒன்றில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி மேசையில் வையுங்கள். மூன்று மீட்டர் தள்ளி மற்றொன்றில் அளவைப் பாருங்கள். இடையில் அட்டை, புத்தக அடுக்கு, காலியான பிளாஸ்டிக் குடம், பிறகு அதே குடத்தில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். எங்களுக்குக் காலிக் குடத்தில் எந்த மாற்றமும் இல்லை. நிரம்பிய குடம் 8 டெசிபலைக் குடித்தது. கடைசியாக ஹாட்ஸ்பாட் கைபேசியைச் சத்துணவுக் கூடத்து எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடினோம். 20க்கு மேல் இறங்கியது, ஆனால் முழுவதும் நிற்கவில்லை. மூடியின் இடுக்கு வழியே அலை கசிகிறது. 'எவ்வளவு இறங்கும்?' என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஊகித்து எழுதவைத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அடுத்த பாடவேளைக்குப் போக மறுக்கும். சுவரைத் தாண்டி அலை போகும் என்பதை ஜகதீஷ் சந்திர போஸ் 1895இல் கொல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் முன் செய்து காட்டி, தொலைவில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் வைத்ததை இந்த இடத்தில் சொல்லலாம்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் 60 அளவுகளையும் விரிதாளில், கட்டடத்தின் வடிவத்திலேயே கட்டங்களில் இட்டு, எண்ணுக்கேற்ப நிறம் மாறும்படி செய்தால் வரைபடம் சில நிமிடங்களில் தயார். ஆனால் முதல் முறை கையால் வரையுங்கள். –60 கோடு எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே போக வேண்டும் என்று இரண்டு பிள்ளைகள் சண்டைபோடும்போதுதான் சராசரியும் விகிதமும் உள்ளே இறங்குகின்றன.

வரைபடம் பள்ளிக்கு வெளியேயும் போய்விட்டது. திருவண்ணாமலை நகரம் மலைக்குக் கிழக்கே, நாங்கள் மேற்கே. நடுவில் 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறை. அது எத்தனை டெசிபல் பீரோ என்று ஒருவன் கேட்டான். நகரத்துக் கோபுரத்தின் அலை மலைக்குள் புகுந்து வராது என்பதால்தான் இந்தப் பக்கத்துக்கும் தனிக் கோபுரங்கள் தேவைப்படுகின்றன என்றேன். கிரிவலப்பாதை முழுவதும் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் கைபேசிச் சிக்னலை அளக்கலாமா என்கிறார்கள். 28 புள்ளிகள், 14 கிலோமீட்டர் நடை. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வாருங்கள், பௌர்ணமி இல்லாத ஒரு சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பின் தென்மேற்கு மூலை மட்டும் இன்னும் ஆரஞ்சில் இருக்கிறது. –88இலிருந்து –76க்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அறைக்கு முற்றத்தைப் பார்த்து ஜன்னல் இல்லை. உடைந்த இரும்பு மேசைகளை வேறு அங்கேதான் அடுக்கியிருக்கிறோம். மேசைகளை ஏலத்துக்கு எடுத்துப்போனதும் அந்த ஐந்து புள்ளிகளை மறுபடி அளக்க வேண்டும். கிணற்றுக் கணக்குச் சொன்ன மாணவி தேதி போடாமல் ஒரு தாளில் கட்டம் வரைந்து தயாராக வைத்திருக்கிறாள்.